பொட்டலம் பிரிய வேண்டிய இடம்

ஜனவரி 3

இந்த டைரி சங்கரிக்கு ஏதோ கெமிக்கல் கம்பெனிக்காரர் கொடுத்தது. அட்டையில் கண்ணாடிக் குடுவை படம் போட்டிருக்கிறது. அவள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுதுகிறவள், அதனால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"கோலம் போட்டுப் பழகுங்க அம்மாச்சி."

கோலம் போட எனக்கு வாசல் இருக்கிறது. இதில் நான் எழுதப் போகிறேன்.

பெயர் சீனியம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்து, வெளுத்து, சுருட்டி, ஊர் ஊராக அனுப்புகிற ஊர் அது. கல்யாணமாகி வந்த வருஷமே பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தேன். மடிக்கிற செக்‌ஷனில் ஆரம்பித்துச் செக்கிங் வரைக்கும் உயர்ந்துதான் வெளியே வந்தேன். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து மருத்துவத் துறைக்குப் போன முதல் ஆள் நான். என் மகள் வயிற்றுப் பேத்தி சங்கரேஸ்வரி இரண்டாவது ஆள். அவள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறாள். இதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். டைரியிடமும் சொல்லிவிட்டேன்.

ஹாஸ்டல் சாப்பாட்டில் பிள்ளை இளைத்துப்போனாள். அதனால் அவள் படிப்பு முடிகிறவரை மதுரையில், நாகமலைக்குக் கீழே ஒரு வீடு பார்த்து, நான் வந்து சமைத்துப் போடுகிறேன்.

ஜனவரி 9

இன்று சாம்பாரில் முருங்கைக்காய். சாப்பிடும்போது, "அப்படி என்னதான் செய்யுற, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றேன். ரஹ்மத்தும் இருந்தாள். அடுத்த வீடு, தையல் மெஷின் வைத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், உட்கார்ந்துவிட்டாள்.

சங்கரி சொன்னது இதுதான். புற்றுக்கட்டி சும்மா இருக்காது, பக்கத்துச் சதையை அறுத்துக்கொண்டுதான் பரவும். அறுப்பதற்கு அதுவே ஒரு சாற்றை விடும். அதற்கு என்சைம் என்று பெயர்.

"கத்திரின்னு வச்சுக்கோங்க அம்மாச்சி. நாங்க மருந்தைப் பொட்டலம் கட்டுறோம். காகிதத்துக்குப் பதிலா பாலிமர். அந்தப் பொட்டலத்தைக் கட்டுற நூல் இருக்குல்ல, அது அந்தக் கத்திரி மட்டும் வெட்டுற நூல். ரத்தத்துல போகும், நெஞ்சு, கொடல், எங்கயும் பிரியாது. கட்டிகிட்ட போனதும் அதோட கத்திரியே நூலை வெட்டிரும். மருந்தைத் தன் தலையில தானே கொட்டிக்கும்."

"அடி கெட்டிக்காரி!" என்றாள் ரஹ்மத்து. "திருடன் கையாலேயே வெலங்கு மாட்டிக்கிற மாதிரி."

"பொட்டலம் எத்தாத்தண்டி?" என்று கேட்டேன்.

"தலைமுடித் தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு."

அந்த நூலைச் செக் பண்ண யாரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மெஷின் என்றாள். மெஷினைச் செக் பண்ண ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 15

பொங்கல். சங்கரி காலையில் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு, மருந்தைச் சோதிக்க லேபில் வளர்க்கிற எலிகளுக்குத் தீனி வைக்க ஓடினாள். எலிக்கு ஏது பொங்கல் லீவு. மகள் முனீஸ்வரி ஊரிலிருந்து போன் பண்ணி, "ரெண்டு பேரும் வராம என்ன பண்டிகை" என்று அழுதாள். நான் அழவில்லை.

ரஹ்மத்து தைத்துக் கொடுத்த புது ரவிக்கை இடது பக்கம் பிடிக்கிறது. துணி சுருங்கியிருக்கும். இடது பக்கம் மட்டும் சுருங்கியிருக்கிறது. ஒரு விரல் அளவு தளர்த்திக் கொடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 24

இனிமேல் குடம் வலது இடுப்பில்தான். இடுப்புக்கும் ஒரு மாறுதல் வேண்டும்.

பிப்ரவரி 6

சங்கரி சாப்பிடவில்லை. மருந்து போட்ட எலிகள் உடம்பு வற்றிப்போய்விட்டன. இரண்டு செத்தும்விட்டன. பொட்டலம் கட்டிக்குப் போவதற்கு முன்னால் ஈரலிலேயே பிரிந்துவிட்டது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கத்திரி இருக்கிறதாம். நூலை மாற்ற வேண்டும்.

"லீலா மேடம் திட்டுனாங்களா?" என்று கேட்டேன். லீலா மேடம் அவளுடைய பேராசிரியை.

"திட்டல அம்மாச்சி. திட்டுனாக்கூட நல்லாருந்திருக்கும்."

எங்கள் கம்பெனியில் ஒரு தடவை லாரி லோடு முழுக்கத் திரும்பி வந்தது. துணி தண்ணீரை உறிஞ்சவில்லை, வெளுப்பு போதவில்லை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நாங்கள் அத்தனையையும் பிரித்து மறுபடி வெளுத்தோம். மறு மாதம் அதே ஆஸ்பத்திரிக்கு அதே துணி போனது. இதைச் சங்கரிக்குச் சொன்னேன். "இது துணி இல்ல அம்மாச்சி" என்றாள். ஆனாலும் தோசை தின்றாள், நாலு.

பிப்ரவரி 19

அடுப்படியில் எலி. கருவாட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பொறி வைத்தேன். சங்கரி பார்த்துவிட்டு, "அம்மாச்சி, பகல்ல நான் எலிக்கு வைத்தியம் பாக்குறேன், நீங்க வீட்ல அதுக்குக் குழி பறிக்கிறீங்களே" என்றாள். படித்த எலிக்கு வைத்தியம் பார், இது படிக்காத எலி என்றேன்.

இடது பக்கமாகப் படுத்தால் தூக்கம் வரவில்லை. தலையணையை மாற்ற வேண்டும்.

மார்ச் 8

தெருமுனையில் பெண்களுக்கு முகாம் போட்டார்கள். பந்தல், மைக் செட், வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல். மார்பகப் பரிசோதனை இலவசம் என்று ஒரு பெண் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. ரஹ்மத்து போய் வந்தாள்.

"வாங்க பெரியம்மா, டாக்டரம்மா நல்லவங்க. ரெண்டு நிமிசம்தான்."

"என் பேத்தியே டாக்டரு. நான் எதுக்குப் பந்தல்ல போய் நிக்கணும்?"

"உங்க பேத்தி எலி டாக்டரு."

இந்த வாய்க்காகத்தான் ரஹ்மத்தை எனக்குப் பிடிக்கும். சுண்டலுக்குக்கூட நான் போகவில்லை. துணி ஊற வைத்திருந்தேன்.

மார்ச் 21

சங்கரி புது நூல் கண்டுபிடித்துவிட்டாள். ஈரலில் இருக்கிற கத்திரியால் இதை வெட்ட முடியாதாம். கண்ணாடிக் குழாயில் பாஸ். அடுத்தது எலி.

நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "இது எந்த எடத்துக் கட்டிக்குக் கேக்கும்?" என்றேன்.

"இப்ப மார்புக் கட்டிக்குத்தான் பாத்துக்கிட்டிருக்கோம் அம்மாச்சி. அதுலதான் இந்தக் கத்திரி நெறைய."

புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.  சாமிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு மட்டும் போட்டேன். எத்தனையோ இடம் இருக்க, அந்த இடத்துக்கே என் பேத்தி மருந்து செய்கிறாள் என்றால் அது தானாக நடக்கிற காரியமா?

எப்போது முடியும் என்று கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பாள். எனக்குத் தெரியாதா என்ன. கம்பெனியில் சாம்பிள் துணியை லேபுக்கு அனுப்புவோம். லேபில் பாஸ் என்று சொன்னால் சாயங்காலமே லாரி ஏறிவிடும். எலி பாஸ் என்றால் மருந்து பாஸ்.

ஏப்ரல் 27

சித்திரைத் திருவிழா. ஆற்றுக்குப் போகிற கூட்டத்தில் கை இடிக்கும் என்று நான் போகவில்லை. டிவியில் பார்த்தேன். அழகர் பச்சைப் பட்டில் இறங்கினார்.

சாயங்காலம் ரஹ்மத்து அளவெடுக்க வந்தாள். சங்கரிக்குப் பட்டம் கொடுக்கிற அன்றைக்கு நான் மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார வேண்டும், அதற்கு அரக்குப் பட்டுக்கு ஏற்ற ரவிக்கை. டேப்பை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தவள், இடது பக்கம் வந்ததும் கையை நிறுத்திவிட்டாள். டேப்பைச் சுருட்டினாள். மறுபடி பிரித்தாள்.

"பெரியம்மா, இது எத்தனை நாளா?"

"எது?"

"என்கிட்டயே எதுங்கிறீங்களா?"

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது போயிருந்தாள். டேப் மட்டும் நாற்காலியில் கிடந்தது.

மே 6

ரஹ்மத்து வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எலிக்கு மருந்து போட்டாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான். பாஸாயிட்டா அவ கையாலேயே எனக்குப் போடுவா."

"யார் சொன்னா அப்படி?"

"சொல்லணுமா? யாராவது சொந்தக் கடையில இட்லி அவிச்சு வச்சுக்கிட்டு அடுத்த கடையில போய்த் திம்பாங்களா?"

ரஹ்மத்து வாசல்படியில் உட்கார்ந்தாள். "இப்ப சொன்னா அந்தப் பொண்ணு எல்லாத்தையும் போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்திரும், நாலு வருசப் படிப்பு போயிரும், அதானே உங்க பயம்?" என்றாள்.

எனக்கு ஏது பயம். எலி முடிகிற அன்றைக்கு நானே சொல்கிறேன், அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் மகன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவன் பாவம், விளையாடக் கிளம்பிக்கொண்டிருந்தவன், விழித்தான்.

மே 23

வெயில். வடகம் போட்டேன். வலது கையாலேயே முழுவதும் பிழிந்தேன்.

எலிகள் நன்றாகத் தின்கின்றனவாம். எடை குறையவில்லை.

ஜூன் 12

எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

சங்கரி மத்தியானமே வந்துவிட்டாள். கையில் இரண்டு ஜிகர்தண்டா. வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மாச்சி! சுருங்கிருச்சு! பொட்டலம் போட்ட எலியில எல்லாத்துலயும் கட்டி பாதிக்கு மேல சுருங்கிருச்சு! ஈரல் சுத்தமா இருக்கு! லீலா மேடம் என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க!"

என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன். அவளுக்குத் திருநீறு பூசினேன். ஜிகர்தண்டாவை முழுதாகக் குடித்தேன், நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அவளை உட்கார வைத்தேன். ஒரு நல்ல செய்தியைச் சொல்லப் போகிற மாதிரித்தான் இருந்தது எனக்கு. அவளுக்கு நான் வைத்திருந்த பரிசு அது.

"ஏ புள்ள, உன் மருந்தை மொதல்ல யாருக்குப் போடணும்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"யாருக்கு? அடுப்படி எலிக்கா?"

"எனக்கு."

சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து, ரவிக்கைக்கு மேலேயே, இடது பக்கம் வைத்தேன்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் எலிகளைத் தொட்டுப் பார்க்கிற விரல்கள். அக்குள் வரைக்கும் போய், அங்கே ஒரு இடத்தில் நின்றன.

"எப்பருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே இருக்கும். ஒனக்காகத்தான் வச்சிருந்தேன் ஆத்தா."

"எனக்காக வச்சிருந்தீங்களா?"

"பின்ன? நீ மருந்து செய்யுறப்ப நான் எதுக்கு ஊராங்கிட்டப் போயி நிக்கணும்? எலி பாஸாயிருச்சுல்ல. நாளைக்கே போடு. எனக்குப் பயமில்ல."

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். பேசினபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"அம்மாச்சி, இது எலிக்கு. எலிக்கு மட்டும்தான். இதுக்கப்புறம் பெரிய மிருகம் பாக்கணும். வெசம் இருக்கான்னு பாக்கணும். கவர்மெண்டு அனுமதி வாங்கணும். மனுசங்களுக்குன்னு வர பத்து வருசம் ஆகும். வராமலே கூடப் போகும். எலியில கேட்டது பாதிக்கு மேல மனுசங்ககிட்டக் கேக்காது."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே!"

கத்திவிட்டாள். என்னைப் பார்த்து அவள் கத்தியது இதுதான் முதல் தடவை. பிறகு தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"தெனமும் எலியைப் புடிச்சுக் கட்டி எத்தாத்தண்டின்னு அளந்து எழுதுறேன் அம்மாச்சி. ஒரே வீட்ல இருக்கீங்க. உங்க கையால சோறு திங்கிறேன். உங்களப் பாக்கலியே நானு."

அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.  எனக்கு வெட்கமாக இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 13

காலையிலேயே ஆஸ்பத்திரி. ஊராங்கிட்டத்தான்.

ஜூன் 24

ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். புற்றுதான். அக்குளுக்குப் போயிருக்கிறது, அதைத் தாண்டவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண், மூக்குத்தி போட்டிருந்தது. "எப்பலேருந்து இருக்கும்மா?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சங்கரி, "ஜனவரிலருந்து டாக்டர். நான் புற்றுநோய் ஆராய்ச்சி பண்றேன், அந்தப் பெருமையிலயே இவங்க இங்க வரல" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா அவளை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தது. "ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்மா. அப்புறம் மருந்து ஏத்தணும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றது.

சரி என்றேன். எடுக்கலாம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான்.

வரும் வழியில் சங்கரி, "படிப்பை ஆறு மாசம் நிறுத்தி வைக்கிறேன், மேடம்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். பஸ்ஸிலேயே சண்டை. நீ நிறுத்தினால் நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன் என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பேத்தி புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று அவரிடமும் சொன்னேன். "அம்மாச்சி!" என்று என் கையைக் கிள்ளினாள். ஆனால் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு சண்டை முடிந்தது. முனீஸ்வரி ஊரிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொள்வாள், இவள் லேபுக்குப் போவாள்.

ஜூலை 3

நாளைக்கு ஆபரேஷன். வார்டில் வைத்து ஒரு பெண் கேட்டது: "பாட்டி, எடுக்கிற கட்டியில பரிசோதனைக்குப் போக மிச்சம் இருந்தா ஆராய்ச்சிக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லாட்டியும் வைத்தியத்துல எந்த வித்தியாசமும் இருக்காது."

"எந்த ஊரு ஆராய்ச்சிக்கு?"

அது சொன்ன இடம் சங்கரியின் லேப்.

சங்கரியைப் பார்த்தேன். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, ஆனால் என்னிடம் அவளாகச் சொல்லவில்லை.

"நான் கேக்கக் கூடாது அம்மாச்சி. நான் கேட்டா நீங்க எனக்காகச் சரின்னுருவீங்க. நிறைய பேர்கிட்டருந்து வருது. பேரு வராது, நம்பர்தான் வரும். எது யாரோடதுன்னு எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. தெரிஞ்சா அளக்குற கை சாஞ்சிரும்."

இது எனக்குப் புரிந்தது. செக்கிங்கில் எங்கள் மேனேஜரும் அப்படித்தான், யார் மடித்தது என்று சொல்லாமல்தான் துணிக் கட்டைக் கொண்டுவந்து வைப்பார். ஒரு தடவை, பள்ளி லீவில் ஒத்தாசைக்கு வந்த என் மகள் மடித்ததையே நான் தள்ளியிருக்கிறேன். இரண்டு நாள் முனீஸ்வரி என்னோடு பேசவில்லை.

கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டேன். மை கொஞ்சம் மங்கலாக இருந்தது. மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.

ஜூலை 15

இடது பக்கம் லேசாக இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடிகிறது. கட்டின துணி நல்ல வெளுப்பு. நர்ஸ் பிள்ளை சுற்றினது சரியில்லை, இழுத்துச் சுற்ற வேண்டும் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 8

முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பு. சங்கரி பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் வழியாக அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதேதான் அம்மாச்சி."

"என்ன இதே?"

"எங்க பொட்டலத்துக்குள்ள இருக்கிறதும் இதே செவப்பு மருந்துதான். மருந்து பழைய மருந்து. நாங்க செய்யுறது பொட்டலம் மட்டும்தான். இங்க அது பொட்டலம் இல்லாம, அப்படியே உடம்பு முழுக்கப் போகுது."

அப்படியா என்றேன். அவள் என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25

முடி போய்விட்டது. தலையணையிலும் சீப்பிலும் கொத்துக் கொத்தாக வந்தது. ரஹ்மத்து வந்து மிச்சத்தையும் முடி வெட்டுகிற மெஷினால் எடுத்துவிட்டாள். "பழனிக்குப் போகாமலே முடி இறக்கியாச்சு பெரியம்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் கலங்கவில்லை. பட்டு ரவிக்கை பாதி தைத்தபடி அவள் வீட்டில் தொங்குகிறதாம்.

செப்டம்பர் 2

வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. கால் விரல் நகம் கறுத்துவிட்டது. வாசலிலிருந்து அடுப்படிக்கு நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கட்டி இருந்தது ஒரு இடம். மருந்து போகிறது எல்லா இடத்துக்கும்.

சங்கரி நான்கு வருஷமாக என்ன செய்கிறாள் என்று எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. அன்றைக்குச் சாம்பார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டபோது கதையாகத்தான் கேட்டேன். பொட்டலம் என்றால் என்ன என்று என் வாய்க்குத் தெரியும், என் நகத்துக்குத் தெரியும்.

செப்டம்பர் 20

மருந்து ஏற்றுகிற வார்டில் எங்கள் வரிசையில் எப்போதும் அதே முகங்கள்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மா, மேலூர் டீச்சர், பேச்சே வராத ஒரு சின்னப் பிள்ளை, இன்னும் சிலர். எல்லோரும் சீலைத் தலைப்பால் தலையை மூடியிருப்போம். ஒச்சம்மாவுக்குச் சுருங்கிக்கொண்டு வந்தது மறுபடி வளர்கிறதாம்.

"உங்க பேத்தி மருந்து எப்ப வரும் சீனியக்கா?" என்று கேட்டாள்.

முன்னேயாக இருந்தால் இதோ என்று சொல்லியிருப்பேன்.

"வரும். லேட்டாகும். ஆனா அவ விட மாட்டா" என்றேன்.

அக்டோபர் 11

இன்று இரண்டு தோசை. மிளகாய்ப்பொடி போடாமல். முனீஸ்வரி என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. அவள் வைக்கிற ரசம் அவள் மாமியார் வைக்கிற மாதிரியே இருக்கிறது. குடித்தேன்.

நவம்பர் 5

கடைசி ஊசி போட்டாகிவிட்டது. இனி மாத்திரை, கொஞ்ச நாள் கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைத்தியம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. டாக்டரம்மா, "தைரியசாலி" என்றது. இதைச் சங்கரி காதில் விழுகிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 18

சங்கரி வந்தாள். செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே நல்ல செய்தி என்று தெரிந்தது. ஆனால் முழு நல்ல செய்தி இல்லை என்றும் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த கட்டியெல்லாம் பாத்து முடிச்சாச்சு அம்மாச்சி. எலி இல்ல, நெசமான மனுசக் கட்டி. முக்கால்வாசிக்கு மேல பொட்டலம் பிரிஞ்சிருச்சு."

"மிச்சம்?"

"அசையவே இல்ல. அதுல அந்தக் கத்திரி இல்ல போல. வேற கத்திரி வச்சிருக்கு."

"என்னோடது?"

"தெரியாது."

"ஒனக்குத் தெரிஞ்சுக்க ஆசை இல்லையா?"

"இருக்கு." தண்ணீர் மோந்து குடித்தாள். "ஒவ்வொரு குழாயையும் கையில எடுக்கையில இருந்துச்சு. ஒவ்வொண்ணையும் உங்களோடதுன்னு நெனச்சுத்தான் அளந்தேன். அதனால ஒண்ணுலகூட அசால்ட்டா இருக்க முடியல."

பிரிந்ததில்தான் என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வேறு என்ன செய்யும், ஆறு மாதம் அவள் சோற்றோடு சோறாக இந்த வீட்டில் வளர்ந்தது.

ஆனால் படுத்த பிறகு, பிரியாததைப் பற்றித்தான் நினைப்பு வந்தது. அதெல்லாம் யாருடையது. வரிசையில் உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒச்சம்மாவுடையதாக இருக்குமோ. அந்தச் சின்னப் பிள்ளையுடையதாக இருக்குமோ.

நவம்பர் 19

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னேன்: "அந்தப் பிரியாததுக்கு வேற நூல் போடு."

"போடணும் அம்மாச்சி. லீலா மேடமும் அதத்தான் கேக்குறாங்க. பட்டம் வாங்கினப்புறம் இங்கயே இருந்து அதைச் செய்யச் சொல்றாங்க. ஆனா மூணு வருசம் ஆகும்." டம்ளரை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க ஊருக்குப் போயிருவீங்கல்ல?"

"போனா நீ என்னத்தத் திம்ப? மூணு வருசம்தானே. செய். சோறு நான் ஆக்குறேன்."

அவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், ஆறின பிறகும்.

முனீஸ்வரியை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டேன். அவள் ரசம் போதும்.

நவம்பர் 23

பாதியில் நிற்கிற பட்டு ரவிக்கையை முடிக்கச் சொல்ல, கூட இன்னும் ஐந்து துணி எடுத்துக்கொண்டு ரஹ்மத்து வீட்டுக்குப் போனேன். நானே நடந்து போனேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"பட்டம் குடுக்குறது ஒரு நாளு. இத்தனை ரவிக்கை எதுக்கு பெரியம்மா?"

"மூணு வருசத்துக்கு வேணுமே."

டேப்பை எடுத்தாள். இந்தத் தடவை கை எங்கேயும் நிற்கவில்லை. இடது பக்கம் நன்றாகப் பிடித்துத் தை என்று சொல்லிவிட்டு வந்தேன்.